தும்பியா, பேழையா?

எங்கள் கம்பெனியில் ஒரு காபி மெஷின் வாங்குவதென்றாலும் குழு போடுவார்கள். குழு கூடும், மார்க் போடும், கடைசியில் மேலே இருப்பவருக்கு எது பிடிக்கிறதோ அதை வாங்குவார்கள். இந்த வருடம் போட்ட குழுவுக்குக் கருவித் தேர்வுக் குழு என்று பெயர். அதில் மூன்று பேர். இசக்கியம்மாளாகிய நான் ஒருத்தி. தூத்துக்குடியிலிருந்து கறுத்த தலையோடு வந்து இந்தச் சிறுசேரி கட்டடத்தின் ஏசியில் நரைத்தவள். இன்னொருவன் என் டீமில் இருக்கும் ஜெபசிங், நாகர்கோவில் பையன், எங்களுக்கு ஜெபா. மூன்றாமவர் எங்களுக்கு மேலே உள்ள வேங்கடவரதன். அவர் கையெழுத்துப் போடுவதற்காகக் குழுவில் இருந்தார்.

வரதன் சார் கணக்குப் பக்கத்திலிருந்து மேலே வந்தவர். நல்ல மனிதர், கத்த மாட்டார். முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்.

"இசக்கி, எனக்கு ஒரு தடவை ஒழுங்காச் சொல்லிடுங்க. டப்பா டப்பாங்கிறீங்களே, அது என்ன?"

"கண்டெய்னர் சார். ஒரு புரோகிராம் எழுதி ஓட்ட என்னென்ன சாமான் வேணுமோ அத்தனையும் ஒரே டப்பாவுல போட்டு மூடிடறது. எந்த கம்ப்யூட்டர்ல திறந்தாலும் உள்ளே எல்லாம் அதே மாதிரி இருக்கும். என் மெஷின்ல ஓடுச்சே, உன் மெஷின்ல ஏன் ஓடலைங்கிற சண்டையே வராது."

"சரி. இதுல நிழல் எங்க வருது?"

ஜெபா சொன்னான்: "முன்னாடி சாமான் மட்டும்தான் சார் உள்ள இருக்கும். எழுதுற ஆளு வெளிய உக்காந்திருப்பான். இப்ப ஆளையும் உள்ள போட்டாச்சு."

வரதன் சார் தலையாட்டினார். அவருக்கும் அது தெரியும். போன வருடம் தொப்பி மாட்டிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தவரே அவர்தான், மற்றவர்கள் பயப்படக்கூடாது என்று. தொப்பியை ஒரு மணி நேரம் தலையில் வைத்தால் அந்த நேரத்து மனசு அப்படியே பதிவாகிவிடும். அதுதான் நிழல். டப்பாவைத் திறந்தால் நிழல் எழுந்துகொள்ளும். தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்ததாகவே நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். நம்மிடம் திரையில் எழுத்தாகப் பேசும். நார்வேயில் பல் பிடுங்கிக்கொள்ள நேரம் கேட்பவர்களுக்கான மென்பொருளை இப்போது நாற்பது நிழல்கள் எழுதுகின்றன. நாங்கள் வெளியே உட்கார்ந்து சரிபார்க்கிறோம்.

பதிவு செய்த நாளில்தான் ஒரு தவறு நடந்தது. ஆபீஸ் அமைதியாக இருக்கும் நாளாகப் பார்த்து வரச்சொல்ல வேண்டும் என்று, தொப்பி கொண்டுவந்து பதிவு செய்கிறவர்களை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வரவழைத்தார்கள். பூஜையை அன்றே ஆபீஸில் முடித்துவிட்டு எல்லோரும் ஊருக்கு ஓடுகிற நாள் அது. மானிட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம். தொப்பிகளுக்கும் யாரோ பொட்டு வைத்துவிட்டார்கள். பாதிப் பேர் பெட்டியோடு வந்திருந்தார்கள். உடம்பு நாற்காலியில் இருந்தது, மனசு கோயம்பேட்டிலும் எழும்பூரிலும் இருந்தது. அதே மனசுதான் பதிவானது.

இதைத் தவறு என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் வேலை பிய்த்துக்கொண்டு போனது. ஊருக்குக் கிளம்பப் போகிறவன் எப்படி வேலை செய்வான் என்று உங்களுக்கே தெரியும். வம்பு கிடையாது, டீ கிடையாது, மூன்று மணிக்குள் முடித்துவிட்டு ஓட வேண்டும். மற்ற கம்பெனிகளில் நிழல்கள் கொட்டாவி விட்டன. எங்கள் நிழல்கள் பறந்தன.

எல்லாவற்றிலும் வேகமானது ஜெபாவின் நிழல். அன்று விடியற்காலை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஷைனிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. முதல் பிள்ளை. சாயங்காலம் ஐந்தரைக்கு எழும்பூரில் வண்டி. தலையில் தொப்பியும் கையில் சுண்டல் பொட்டலமுமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தான். அன்று அவன் சிரித்த மாதிரி அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. ஊருக்குப் போனான். ஒரு வாரம் முடிவதற்குள் குழந்தை போய்விட்டது. இதயத்தில் ஏதோ ஓட்டை என்றார்கள். அவன் திரும்பி வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஆபீஸில் துக்கத்துக்கு நாங்கள் செய்யும் மரியாதை அதுதான், எதிரே வந்தால் செல்போனைப் பார்ப்பது. நானும் பார்த்தேன்.

இப்போது, நிழல் டப்பாக்களைத் திறந்து மூடி நடத்தும் கருவிகள். கடைசிச் சுற்றுக்கு இரண்டு வந்தன. ஒன்று தும்பி, மற்றது பேழை.

தும்பி லேசானது. காலையில் டப்பாவைத் திறந்தால் நிழல் பதிவான நாளின் மனசோடு புதிதாக எழும். கடிகாரம் நம் கடிகாரம்தான், அதை உள்ளே தனியாக மாற்ற முடியாது. உள்ளே இருப்பவர் வேலையை முடித்துக் கிளம்பிவிட்டால் டப்பா தானாக மூடிக்கொள்ளும். அன்றைய நாள் அதோடு போச்சு, மறுநாள் மறுபடி முதலிலிருந்து. பேழை கனமானது. நிழலுக்கு நேற்று நடந்தது ஞாபகம் இருக்கும், அது கற்றுக்கொண்டே போகும், உள்ளே கடிகாரமும் தனி.

நான் ஆரம்பத்திலேயே பேழை கட்சி. ஒரு மனசைத் தினமும் எழுப்பி வேலை வாங்கிவிட்டுத் தினமும் குப்பையில் போடுவது எனக்குச் சகிக்கவில்லை. ஜெபா தும்பி கட்சி.

"தும்பி சீக்கிரமா தொறக்குதுக்கா. மெமரி கம்மியா எடுக்குது," என்றான்.

"மெமரி கெடக்குது. தினம் தினம் உன்னைத்தானே அழிக்குது? உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுறதுக்கெல்லாம் மார்க் கெடையாதுக்கா," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனான். வேலை போய்விடும் என்று பயப்படுகிறான் என நினைத்துக்கொண்டேன். பேழையில் நிழல் கற்றுக்கொண்டால் நிஜ ஆள் எதற்கு?

சோதனைக்கு ஜெபாவின் நிழலையே எடுத்துக்கொண்டோம். முதலில் தும்பி. காலையில் திறந்ததும் திரையில் வரும்:

"அக்கா, பொம்பளப் பிள்ளைக்கா! மூணு மணிக்கு எறங்கணும், என்ன வேலையானாலும் இப்பவே குடுங்க."

முதல் நாள் வாழ்த்துச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து காலையில் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார எனக்குத் தைரியம் வேண்டியிருந்தது. அது வேலையை முடித்துவிட்டு சரியாக மூன்று மணிக்கு "வரேன்கா" என்று கிளம்பும். டப்பா மூடிக்கொள்ளும். வரதன் சாருக்கு அந்த மூன்று மணி உறுத்தியது. மத்தியானத்துக்கு மேல் இன்னொரு டப்பா திறந்து பாருங்களேன் என்றார். திறந்தோம். நிழல் எழுந்தது, கடிகாரத்தைப் பார்த்தது, "அய்யோ, மணி மூணே கால் ஆயிட்டா, வண்டி போயிரும்" என்று எழுதிவிட்டு ஒரு வரிகூட வேலை செய்யாமல் ஓடிவிட்டது.

அப்புறம் பேழை. முதல் நாள் எல்லாம் அதே மாதிரிதான். மூன்று மணிக்கு டப்பா மூடவில்லை, உறைந்து நின்றது. மறுநாள் காலையில் திறந்தபோது கேட்டது.

"அக்கா, நேத்து எறங்கினேனே, மறுபடி எப்படி சீட்ல இருக்கேன்?"

"வண்டி ரத்தாம் ஜெபா. இன்னைக்குப் போயிக்கலாம்," என்று எழுதினேன். தேர்வுக் குழுவில் இருப்பவள் புளுகுவதற்கு மதிப்பெண் தாளில் இடம் இல்லை, ஆனாலும் எழுதினேன்.

அன்றும் அது உறைந்தது. மூன்றாம் நாள் காலையில் வாழ்த்தும் இல்லை, வேலையும் கேட்கவில்லை.

"அக்கா, அந்தத் தொப்பி மாட்டினோமே. நான்தான் அந்த நிழலா?"

என்ஜினியரிடம் எத்தனை நாள்தான் ரயில் ரத்து என்று சொல்வது? "ஆமா" என்று எழுதினேன்.

பிறகு: "சரி. அவன் ஊருக்குப் போனான்லா?"

"போனான்."

"பிள்ளையைப் பாத்தானா? யாரு மாதிரி இருக்கா? பேரு வச்சாச்சா?"

பக்கத்து சீட்டில் ஜெபா இருந்தான். கூப்பிட்டேன். வந்து நின்று திரையைப் படித்தான். கீபோர்டை அவன் பக்கம் தள்ளினேன். தொடவில்லை.

"மூடிருங்கக்கா."

"பதில் சொல்லாமலா?"

"என்ன சொல்ல? நான் தெரிஞ்சுக்கிட்டது போதாதா? இவனுக்கும் நானே சொல்லணுமா?" குரல் உயரவில்லை. கம்பெனி வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரியே சொன்னான். "எதுக்கு தும்பி தும்பின்னு நிக்கேன்னு கேட்டியள்லா. தும்பியில அவன் இன்னும் வண்டி ஏறலைக்கா. பிள்ளை பொறந்திருக்கா, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். மூணு மணி வரைக்கும் சந்தோசமா வேலை பாத்துட்டு எறங்குறான். உலகத்துல எங்கயாவது ஒரு இடத்துல நான் அப்படி இருக்கேன்னு நெனச்சாத்தான் எனக்குக் காலையில ஆபீஸ் வர முடியுது."

நான் பேழையை மூடினேன். அந்த நிழலை அழித்தேன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே. நான் அத்தனை நாள் கருணை என்று எதைப் பேசிக்கொண்டிருந்தேனோ அது எனக்கே வெட்கமாக இருந்தது. மதிப்பெண் தாளில் தும்பியை மேலே ஏற்றி, பேழையைக் கீழே இறக்கினேன்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு காபி மெஷின் கதைதான். இறுதிக் கூட்டத்துக்கு வரதன் சார் ஒரு வரைபடத்தோடு வந்தார்.

"இதைப் பாருங்க. நிழலோட வேகம் காலையில இருந்து ஏறிக்கிட்டே போகுது. ரெண்டரைக்கு உச்சம். மூணு மணிக்கு அறுந்துடுது. ஏன்?"

"கிளம்பற அவசரம் சார்," என்றேன்.

"அதான். பேழையில உள்ள கடிகாரம் தனிதானே? அதை ரெண்டரையிலேயே நிறுத்திட்டா?"

நான் ஜெபாவைப் பார்த்தேன்.

"ஞாபகம் இருக்கறதுதானே உங்களுக்குப் பிரச்சினை?" என்றார் என்னைப் பார்த்து. "அதை தினமும் அழிச்சிடுவோம். தும்பி மாதிரியே புதுசா எழுந்துக்கட்டும். கடிகாரம் மட்டும் ரெண்டரை. ராத்திரி வரைக்கும் ஓட்டலாம். கஷ்டப்படுத்தறோம்னு நினைக்காதீங்க. அவங்களுக்குத் தெரியவா போகுது? எப்பவும் இதோ கிளம்பப் போறோம்ங்கற சந்தோஷத்துலயே இருப்பாங்க."

ஜெபா தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எங்கள் கம்பெனியில் கோபத்துக்கும் மார்க் கிடையாது. வரதன் சார் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வரைபடத்தைப் பார்த்தார், வரைபடம் அப்படித்தான் சொன்னது.

"சார், வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டெமோ பாத்துடலாமா? வழக்கம்தானே," என்றேன்.

"கண்டிப்பா. காட்டுங்க."

"யாரோட நிழல்ல காட்டட்டும்?"

"யாரோடதா இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதானே."

நான் பேழையில் அவருடைய நிழலைத் திறந்தேன். உள்ளே கடிகாரத்தை இரண்டரையில் நிறுத்தினேன். கூட்ட அறையின் பெரிய திரையில் போட்டேன். முதலில் அவருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

"இசக்கி, பூஜை முடிஞ்சுதா? நான் மூணு மணிக்கு ஷார்ப்பா கிளம்பணும். ஏதாவது அப்ரூவல் இருந்தா அனுப்பிடுங்க," என்று திரையில் வந்தது.

"நானேதான்," என்றார் சார், சிரித்துக்கொண்டு.

அப்ரூவல்களை அனுப்பினேன். ஒவ்வொன்றாக முடித்துத் தள்ளியது. நிஜ ஆளுக்கு ஒரு வாரம் பிடிக்கும் வேலை. சார் வரைபடத்தின் மீது பேனாவால் தட்டினார். நான் மேலும் அனுப்பினேன். அது மேலும் முடித்தது. ஜன்னல் பக்கம் வெயில் இறங்கியிருந்தது.

"மணி என்ன இசக்கி?"

"ரெண்டரை சார்," என்று எழுதினேன்.

"அப்பவும் ரெண்டரைதானே சொன்னீங்க?"

"உங்க கடிகாரத்துல என்ன சார் காட்டுது?"

"ரெண்டரைதான். சரி, இன்னும் நேரம் இருக்கு. அடுத்தது அனுப்புங்க."

அனுப்பினேன். முடித்தது. மறுபடி மணி கேட்டது. மறுபடி சொன்னேன். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

"இசக்கி, தப்பா எடுத்துக்காதீங்க, இன்னைக்கு என்னை விட்டுடுங்க. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும். விளக்கு வெச்சப்புறம் அம்மாவுக்கு யாரையும் அடையாளம் தெரியறதில்லை. வெளிச்சம் இருக்கறப்போ போனாத்தான் வரதான்னு கூப்பிடுவா. ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லலை, நீங்களும் சொல்லாதீங்க. மணி என்ன ஆச்சு?"

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குப் போக எல்லோரையும் போல அவருக்கும் ஒரு அவசரம் இருந்திருக்கும், அதைப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு உள்ளே போய்விடும் என்று தெரிந்திருந்தால் திறந்திருக்க மாட்டேன்.

"மணி என்ன இசக்கி?"

சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இசக்கி, இருக்கீங்களா? மணி என்ன?"

"அணைச்சிடுங்க," என்றார்.

அணைத்தேன். தண்ணீர் பாட்டிலோடு ஜெபா கதவருகே நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. சார் பேனாவை மூடிப் பையில் வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜெபாவைப் பார்த்தார், இந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாக நேராக.

"குழந்தை விஷயம் எனக்கு அப்பவே தெரியும் ஜெபசிங். பேசியிருக்கணும். எப்படின்னு தெரியலை," என்றார். "நான் இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பறேன்."

மறுநாள் உத்தரவு வந்தது. தும்பி. காரணம் என்ற இடத்தில், திறக்க எடுக்கும் நேரம் குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். குழுவைக் கலைத்துவிட்டார்கள். நார்வேக்காரர்களிடம் மூன்று மணிக்கு மேல் வேலை நடக்காது என்று சொல்லிவிட்டோம். அவர்கள் நாங்களும் அப்படித்தான் என்றார்கள்.

இப்போது தினமும் ஜெபாவின் நிழலை நான்தான் காலையில் திறக்கிறேன், வாழ்த்துச் சொல்கிறேன். முன்னைப் போலப் பயமில்லை. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜெபா என் சீட்டுக்கு வருவான். நான் எழுந்து டீ குடிக்கப் போவேன். என் பெயரிலேயே உட்கார்ந்து, வேலை முடிந்ததா, சரி இறங்கு, ஜன்னல் சீட்தானே, பிள்ளைக்குச் சட்டை வாங்கினாயா என்று எழுதிக்கொண்டிருப்பான்.

நேற்று டீ சரியில்லை, சீக்கிரம் திரும்பிவிட்டேன். அவன் பின்னால் நான் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. நிழல் கிளம்புகிற நேரம்.

"எல்லாரும் ஊருக்குப் போறாங்க. நீங்க போகலையாக்கா?" என்று கேட்டிருந்தது.

ஜெபா விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தான். பிறகு எழுதினான்.

"நான் போயிட்டு வந்துட்டேன்."

"அதுக்குள்ளயா? சரிக்கா, வரேன்."

டப்பா மூடிக்கொண்டது. ஜெபா எழுந்து எனக்கு நாற்காலியை விட்டான்.